கடற்காற்றுக்கு மூன்று சாட்சிகள்

நடுக்கடலில் இந்த நிமிடம் காற்று எந்த வேகத்தில், எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று கேட்டால் இன்றைக்கு மூன்று இடங்களிலிருந்து பதில் வரும். முதலாவது, நங்கூரமிட்டு நிறுத்தப்பட்ட மிதவையின் உச்சியில் சுழலும் காற்றுமானி. இரண்டாவது, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி கடலின் மேல்பரப்பை ரேடாரால் தடவிப் பார்க்கும் செயற்கைக்கோள். மூன்றாவது, வானிலை மையங்களின் பெருங்கணினிகளில் ஓடும் மாதிரி. மூன்று பதில்களும் ஒன்றாக இருப்பதில்லை. அமைதியான கடலில் வேறுபாடு விநாடிக்கு அரை மீட்டராக இருக்கலாம். புயலின் அருகே அது பத்து மீட்டரையும் தாண்டிவிடும்.

இது வெறும் கணக்குப்பிள்ளை விவகாரம் அல்ல. காற்று கடலை இழுக்கும் விசை, ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தில் 10 சதவீதம் பிசகினால் விசையில் 21 சதவீதம் பிசகும். அந்த விசைதான் அலையை எழுப்புகிறது, நீரோட்டத்தைத் தள்ளுகிறது, கரையோரத்தில் அடிக்கடலின் குளிர்நீரை மேலே கொண்டுவந்து மீன்வளத்தைத் தீர்மானிக்கிறது, எல் நினோவைத் தொடங்கி வைக்கிறது. மீனவருக்குப் போகும் எச்சரிக்கையும், சரக்குக் கப்பலின் வழித்தடமும், கடல் நடுவே காற்றாலை நடுவதா வேண்டாமா என்ற முடிவும் இந்த எண்ணிலிருந்துதான் புறப்படுகின்றன. ஆகவே மூன்று சாட்சிகளில் யாரை, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பது அவசியம். நான் கடலியல் படித்தவன் அல்ல. எண்களை ஒப்பிடும் நிரல்கள் எழுதிப் பிழைப்பவன். அந்தக் கண்ணோட்டத்தில்தான் இதைப் பார்க்கிறேன்.

பாயிலிருந்து ரேடாருக்கு

எட்மண்ட் ஹாலி 1686ல் வணிகக் காற்றுகளையும் பருவக்காற்றுகளையும் ஒரு வரைபடத்தில் போட்டுக் காட்டினார். மாலுமிகள் சொன்னதே அவருக்கு ஆதாரம். பிரிட்டிஷ் கடற்படையின் பிரான்சிஸ் போஃபர்ட் 1806ல் தன் நாட்குறிப்பில் காற்றுக்கு ஓர் அளவுகோலை எழுதி வைத்தார். கப்பல் எத்தனை பாய்களை விரிக்க முடிகிறது என்பதை வைத்துக் காற்றை வகைப்படுத்தும் முறையாக அது வளர்ந்தது. பின்னர் பாய்க்கப்பல்கள் ஒழிந்தபோது, கடலின் முகத்தைப் பார்த்து எண் சொல்லும் முறையாக மாறியது. எங்கே சிற்றலை, எங்கே வெண்நுரை, எங்கே நுரை கோடுகோடாக நீள்கிறது என்று பார்த்துப் பூச்சியத்திலிருந்து பன்னிரண்டு வரை ஓர் எண்ணைச் சொல்வார்கள்.

இந்த முறையின் பெரிய குறை அதன் துல்லியமின்மை அல்ல. கப்பல்கள் போகும் இடத்தில்தான் அளவீடு இருந்தது. புயல் என்று தெரிந்தால் கப்பல்கள் விலகிப் போய்விடும். எனவே எந்தக் காற்றைப் பற்றி மிக அதிகமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமோ, அதைப் பற்றித்தான் மிகக் குறைவான பதிவுகள் இருந்தன. தெற்குப் பெருங்கடல் ஏறத்தாழ முழுவதும் வெற்றிடம்.

இரண்டாம் உலகப்போரில் கப்பல்களில் ரேடார் வைத்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. எதிரிக் கப்பலைத் தேடினால் திரையெங்கும் கடலே இரைச்சலாகத் தெரிந்தது. காற்று பலத்தால் இரைச்சலும் பலத்தது. அந்த இரைச்சலையே அளவீடாக்கிய கருவிதான் ஸ்கேட்டரோமீட்டர். சிதறல்மானி என்று தமிழில் சொல்லலாம்.

சிதறல்மானி காற்றை அளப்பதே இல்லை. காற்று கடலின் மேல் எழுப்பும் சில சென்டிமீட்டர் நீளமுள்ள சின்னஞ்சிறு நெளிவலைகளை அது பார்க்கிறது. சாய்வாக வந்து விழும் நுண்ணலை, தன் அலைநீளத்தோடு ஒத்துப்போகும் நெளிவுகளிலிருந்து பலமாகத் திரும்பிச் சிதறுகிறது. காற்று கூடினால் நெளிவு கூடும், திரும்பி வரும் சக்தியும் கூடும். இதில் கடற்கணக்கு எதுவும் முதல் தத்துவங்களிலிருந்து வருவதில்லை. இத்தனை சக்தி திரும்பினால் இத்தனை வேகம் என்ற அட்டவணை, மிதவைகளோடும் மாதிரிகளோடும் பல லட்சம் ஜோடிகளை ஒப்பிட்டு அனுபவத்தால் உருவாக்கப்பட்டது. ஒருவகையில் போஃபர்ட்டின் மாலுமி செய்ததும் இதையேதான். அவர் வெண்நுரையைப் பார்த்தார், இது நெளிவைப் பார்க்கிறது.

திசையை அறிவது இன்னும் சுவாரசியமானது. காற்று வரும் பக்கம் நோக்கியோ போகும் பக்கம் நோக்கியோ பார்த்தால் சிதறல் அதிகம். குறுக்கே பார்த்தால் குறைவு. ஆகவே ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து பார்த்துத் திசையைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் வருவதும் போவதும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரிவதால் விடை ஒன்றாகக் கிடைக்காது. இரண்டு முதல் நான்கு விடைகள் வரை கிடைக்கும். வடக்கிலிருந்தா தெற்கிலிருந்தா என்பதைக் கருவி தனியாகச் சொல்லிவிடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1978 ஜூனில் ஏவப்பட்ட சீசாட் இந்த முறை பலிக்கும் என்று காட்டியது. அக்டோபரில் மின்கோளாறால் அது செத்தது. 1991ல் ஐரோப்பாவின் ஈ.ஆர்.எஸ்-1 வந்தது. 1996ல் ஜப்பானிய செயற்கைக்கோளில் ஏறிப்போன நாசாவின் என்ஸ்காட் பத்து மாதமே உழைத்தது. 1997 ஜூனில் தாய்க்கோளின் மின்சாரம் போனது. அந்த இழப்பை ஈடுகட்ட அவசர அவசரமாகக் கட்டி 1999 ஜூனில் ஏவப்பட்டது குவிக்ஸ்காட். மூன்றாண்டுகள் உழைத்தால் போதும் என்று கருதப்பட்ட அது பத்தாண்டுகள் உழைத்தது. ஒரு மீட்டர் குறுக்களவுள்ள தட்டு ஆண்டெனா ஒன்று சுழன்றபடி 1800 கிலோமீட்டர் அகலத்துக்குக் கடலைத் துழாவும். பனி மூடாத கடல்பரப்பில் 90 சதவீதத்தை ஒரே நாளில் பார்த்துவிடும். மாலுமிகளின் பதிவுகளோடு ஒப்பிட முடியாத வேகத்தில் அளவீடுகள் குவிந்தன.

ஒப்பிட்டபோது தெரிந்தவை

மாதிரி என்பது என்ன என்று ஒரு வார்த்தை. உலகின் காற்றுமண்டலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, இயக்க விதிகளை ஒவ்வொரு கட்டத்திலும் தீர்த்துக்கொண்டே முன்னே நகரும் நிரல் அது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை, கிடைத்த அளவீடுகளையெல்லாம் வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும். இதை உள்வாங்கல் என்போம். இங்கிலாந்தின் ரெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மையமும் அமெரிக்காவின் என்செப் மையமும் நடத்தும் மாதிரிகள் உலகெங்கும் பயன்படுகின்றன. மாதிரியின் பெரும் பலம், அது எங்கும் எப்போதும் பதில் சொல்லும். செயற்கைக்கோளோ ஒரே இடத்தை நாளுக்கு இரண்டு முறைதான் கடக்கும். குவிக்ஸ்காட் உள்ளூர் நேரப்படி காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் வரும். இடையில் கடல் என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது.

ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டட்லி செல்டனும் மைக்கேல் ஃப்ரீலிக்கும் 2005ல் குவிக்ஸ்காட்டை இந்த இரண்டு மாதிரிகளோடும் விரிவாக ஒப்பிட்டு எழுதினார்கள். சராசரியாகப் பார்த்தால் ஒற்றுமை நன்றாகவே இருந்தது. ஆனால் எந்த அளவில் என்பதுதான் விஷயம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள பெரிய அமைப்புகளில் மூவரும் ஒத்துப்போனார்கள். சில நூறு கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் மாதிரிகளின் காற்று வழவழவென்று ஆகிவிட்டது. செயற்கைக்கோள் காட்டிய கூர்மையான விளிம்புகள், மலை இடுக்குகளின் வழியே கடலுக்குள் பாயும் காற்றுத் தாரைகள், தீவுகளின் பின்னால் விழும் காற்று நிழல்கள் எல்லாம் மாதிரியில் மங்கியிருந்தன. கட்டத்தின் அளவு 40 கிலோமீட்டர் என்றால் 40 கிலோமீட்டர் விவரம் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஐந்து முதல் எட்டுக் கட்டங்கள் சேர்ந்தால்தான் ஓர் அமைப்பை மாதிரி சரியாகப் பிடிக்கும். நான்கு மெகாபிக்சல் படத்தை நாற்பது மெகாபிக்சலாகப் பெரிதாக்கி அனுப்பும் நண்பர்களை நாம் அறிவோம் அல்லவா!

இதில் ஒரு துப்பறியும் கதையும் உண்டு. கிழக்குப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டி, குளிர்ந்த நீரும் வெப்பமான நீரும் சந்திக்கும் எல்லை அலை அலையாக நெளியும். குவிக்ஸ்காட்டில் காற்றும் அதே வடிவில் நெளிந்தது. வெப்பமான நீரின் மேல் காற்று வேகம் பிடிக்கிறது, குளிர்நீரின் மேல் தளர்கிறது. மாதிரியில் இது மிகவும் பலவீனமாக இருந்தது. காரணம் மாதிரியின் இயற்பியல் மட்டும் அல்ல. அதற்கு ஊட்டப்பட்ட கடல் வெப்பநிலை வரைபடமே வழவழப்பாக இருந்தது. 2001 மே மாதத்தில் ஐரோப்பிய மையம் கூர்மையான வெப்பநிலைத் தரவுக்கு மாறியது. மாறிய உடனே அதன் காற்றிலும் நெளிவுகள் தெளிந்தன என்பதைச் செல்டன் காட்டினார். பிழை காற்றில் தெரிந்தது. இருந்த இடமோ கடல்நீரின் வெப்பநிலையில். ஒப்பீடு செய்யாமல் இதை யாரும் கண்டிருக்க முடியாது.

நம் பக்கத்துக் கடலில் இதன் உறவினர் ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றின் போது சோமாலியக் கரையை ஒட்டி ஒரு பலத்த காற்றுத் தாரை அரபிக்கடலைக் கடக்கிறது. அதை 1969ல் விவரித்தவரின் பெயரால் ஃபைண்ட்லேட்டர் தாரை என்பார்கள். அந்தக் காற்றே கரையோரத்தில் அடிநீரை மேலே இழுத்து, நடுக்கோடைக் கடலில் குளிர்ந்த நீர்த் திட்டுகளை உண்டாக்குகிறது. அந்தத் திட்டுகளின் மேல் காற்று தளர்வதைக் குவிக்ஸ்காட் தரவுகளில் கண்டு 2004ல் எழுதினார்கள். காற்று கடலைக் குளிர்விக்கிறது, குளிர்ந்த கடல் காற்றைத் தடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை மாதிரி தவறவிட்டால் பருவமழைக் கணக்கிலும் அது எட்டிப்பார்க்கும்.

ஒரே சொல், வேறு வேறு பொருள்

இனி, வித்தியாசம் என்று நாம் காண்பதெல்லாம் பிழைதானா என்று பார்ப்போம். பெரும் பகுதி பிழையே அல்ல. மூன்று சாட்சிகளும் காற்று என்ற ஒரே சொல்லால் மூன்று பொருட்களைக் குறிக்கிறார்கள்.

பசிபிக் மிதவைகளில் காற்றுமானி நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கும். மாதிரியும் செயற்கைக்கோளும் பத்து மீட்டர் உயரத்துக் காற்றைச் சொல்லும். கடல்பரப்பில் உராய்ந்து தளரும் காற்று மேலே போகப்போக மடக்கைக் கணக்கில் வேகம் பெறுகிறது. நான்கிலிருந்து பத்துக்கு மாற்றினால் 8 அல்லது 9 சதவீதம் ஏறும். இதைச் செய்யாமல் ஒப்பிட்டுவிட்டு, செயற்கைக்கோள் அதிகமாகக் காட்டுகிறது என்று சொல்வதில் பொருளில்லை.

அடுத்தது காற்றின் உறுதிநிலை. கடல் வெப்பமாகவும் காற்று குளிராகவும் இருந்தால் மேல்காற்று எளிதாகக் கீழே இறங்கிக் கடலை அறையும். அதே வேகக் காற்றுக்கு அதிக நெளிவு எழும். குளிர்ந்த கடலின் மேல் இதற்கு நேர்மாறு. நெளிவை மட்டும் பார்க்கும் சிதறல்மானி, நடுநிலையான காற்றுமண்டலமாக இருந்திருந்தால் இந்த நெளிவுக்கு எவ்வளவு காற்று தேவைப்பட்டிருக்கும் என்ற கற்பனை வேகத்தைத்தான் தருகிறது. உலக சராசரியில் இது நிஜக் காற்றைவிட விநாடிக்கு 0.2 மீட்டர் அளவுக்கு அதிகம். சோமாலியாவின் குளிர்த்திட்டுகள் மேல் குறைவு.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, நீரோட்டம். மிதவை கடலடியில் கட்டப்பட்டது; அது பூமியைப் பொறுத்த காற்றை அளக்கிறது. நெளிவலைகளோ ஓடும் நீரின் மேல் எழுபவை. நீரும் காற்றும் ஒரே திசையில் போனால் நெளிவு குறையும். 2001ல் கேத்தரின் கெல்லி, மைக்கேல் மெக்ஃபேடன் முதலானோர் நிலநடுக்கோட்டுப் பசிபிக் மிதவைகளையும் குவிக்ஸ்காட்டையும் கழித்துப் பார்த்தார்கள். மிஞ்சிய வித்தியாசம் நீரோட்டத்தோடு ஒத்துப்போனது. பிழை என்று ஒதுக்கியிருக்க வேண்டிய எச்சத்தில் ஒரு பெருங்கடல் ஓட்டமே ஒளிந்திருந்தது.

எண்ணால் பார்க்கலாம். காற்று விநாடிக்கு 6 மீட்டர், அதே திசையில் நீர் 1 மீட்டர். மிதவை 6 என்னும், செயற்கைக்கோள் 5 என்னும். விசைக் கணக்கில் 36க்கு 25, அதாவது 30 சதவீதக் குறைவு. கடலைப் பொறுத்தவரை செயற்கைக்கோள் சொல்வதே சரி, ஏனென்றால் கடல் உணர்வது அந்த விசையைத்தான். மேலே பறக்கும் விமானிக்கு மிதவை சொல்வது சரி. பெரிதும் பயன்படும் ஈ.ஆர்.ஏ-5 என்ற ஐரோப்பிய மறுபகுப்பாய்வு நீரோட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதைக் கொண்டு கடல் மாதிரியை ஓட்டுபவர்கள் இதைத் தாங்களாகவே சரிசெய்துகொள்ள வேண்டும்.

மழை வேறு இருக்கிறது. குவிக்ஸ்காட் பயன்படுத்திய 2.2 சென்டிமீட்டர் அலைநீளம் மழைத்துளியில் சிதறும். துளி விழுந்து கடலைக் கலைப்பதும் நெளிவாகத் தெரியும். காற்றில்லாத இடத்தில் கொட்டும் மழை பலத்த காற்றாகப் பதிவாகும். கடும் புயலின் மழையோ உண்மைக் காற்றை மறைத்துக் குறைத்துக் காட்டும். ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள்களில் உள்ள ஆஸ்காட் கருவி 5.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்குவதால் மழைத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் அதன் பார்வை இரண்டு பட்டைகளாகப் பிரிந்து நடுவே இடைவெளி விடும். விநாடிக்கு 25 மீட்டருக்கு மேல் இரண்டுமே திணறும்.

திசையைப் பற்றியும் ஒரு சொல். தென்றல் என்றால் தெற்கிலிருந்து வருவது, வாடை வடக்கிலிருந்து வருவது. வானிலையாளர்களின் வழக்கும் இதுவே. கடலியலாளர்களோ போகும் திசையைச் சொல்வார்கள், நீரோட்டத்துக்கு அதுதான் இயல்பு. சிதறல்மானிக் கோப்புகளில் இரண்டு வழக்கும் உண்டு. ஒப்பீட்டில் எல்லாம் 180 பாகை தள்ளி நின்றால் அறிவியலைச் சந்தேகிக்கும் முன் கோப்பின் தலைப்பைப் படிப்பது நலம்.

எண்களின் வஞ்சகம்

ஒப்பிடுபவர்கள் வழக்கமாக எடுக்கும் அளவுகோல், வித்தியாசங்களின் வர்க்க சராசரியின் மூலம். சின்ன எண் வந்தால் நல்லது என்பார்கள். இது பல இடங்களில் ஏமாற்றும்.

நான்கு கட்டங்களில் நிஜக் காற்று 8, 20, 8, 8 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதிரி எல்லாவற்றையும் வழித்துத் தேய்த்து 11, 11, 11, 11 என்கிறது. இன்னொன்று புயல் தாரையைச் சரியான பலத்தோடு பிடித்து, ஒரு கட்டம் தள்ளிப் போட்டுவிடுகிறது: 8, 8, 20, 8. வர்க்கங்களைக் கூட்டினால் முதலாவதுக்கு 108, இரண்டாவதுக்கு 288. புயலையே பார்க்காத மாதிரி ஜெயிக்கிறது! இரண்டாவது மாதிரி, இருக்கும் இடத்தில் காட்டாததற்கும் இல்லாத இடத்தில் காட்டியதற்கும் இரண்டு முறை தண்டிக்கப்படுகிறது. ஒரு கப்பல் தலைவரைக் கேட்டால் எந்த மாதிரி வேண்டும் என்பார்?

மெல்லிய காற்றில் இன்னொரு பொறி. காற்றே இல்லாத கடலைக் கற்பனை செய்யுங்கள். கிழக்கு மேற்குக் கூறிலும் வடக்கு தெற்குக் கூறிலும் கருவிக்குத் தலா விநாடிக்கு 1 மீட்டர் தற்செயல் பிழை. கூறுகளின் சராசரி பூச்சியமாகவே வரும். வேகத்தின் சராசரி 1.25 வரும், ஏனென்றால் வேகம் எதிர்மறையாக முடியாது. கருவியில் சாய்வு எதுவும் இல்லை, எண்ணில் இருக்கிறது. இதை ஃப்ரீலிக் 1997லேயே விளக்கி எழுதினார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிக்கல். மிதவைதான் உண்மை என்று வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் அளப்பது நீண்டகால வழக்கம். ஆனால் மிதவை ஒரு புள்ளியின் சில நிமிடச் சராசரி. செயற்கைக்கோள் இருபத்தைந்து கிலோமீட்டர் சதுரத்தின் ஒரு கணம். கருவிகள் இரண்டும் குற்றமற்றவையாக இருந்தாலும் எண்கள் ஒத்துப்போகா. இரண்டு கடிகாரம் இரண்டு மணி காட்டினால் எது தவறு என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது கடிகாரம் வேண்டும். நெதர்லாந்தின் ஆட் ஸ்டோஃபெலன் 1998ல் முன்வைத்த மும்முனை ஒப்பீடு இதைத்தான் செய்கிறது. யாரையும் உண்மை என்று கொள்ள வேண்டாம். ஒரே இடம், ஒரே நேரத்துக்கு மூவரின் எண்களையும் எடுத்து, முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மிதவைக்கும் செயற்கைக்கோளுக்கும் உள்ள வித்தியாசத்தை, மிதவைக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, ஆயிரக்கணக்கான இடங்களுக்குச் சராசரி காண வேண்டும். உண்மைக் காற்று கழிந்துபோகிறது. மூவரின் பிழைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்றால் குறுக்குப் பெருக்கங்களும் அழிந்துபோகும். மிஞ்சுவது மிதவையின் பிழை வர்க்கம் மட்டும். சாட்சிகளை இடம் மாற்றி மற்ற இருவருக்கும் இதையே செய்யலாம். உண்மை என்னவென்று கடைசிவரை தெரியாமலே, ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. நான் படித்த புள்ளியியலில் இவ்வளவு எளிய, இவ்வளவு பயனுள்ள தந்திரம் அதிகம் இல்லை.

நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: பிழைகள் தொடர்பற்றவையாக இருக்க வேண்டும். இங்கேதான் சாட்சிகள் நீதிமன்றத்துக்கு வருமுன் வராந்தாவில் பேசிக்கொண்டார்களா என்ற கேள்வி எழுகிறது. பேசிக்கொள்கிறார்கள். 2002 ஜனவரி முதல் இரு மையங்களும் குவிக்ஸ்காட்டை உள்வாங்கத் தொடங்கின. மிதவைத் தரவும் அவற்றுக்குள் போகிறது. மறுபக்கம், நான்கு திசை விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செயற்கைக்கோள் நிரல்கள் மாதிரியின் காற்றையே துணைக்கு அழைக்கின்றன. சிதறல் அட்டவணையே மிதவைகளைக் கொண்டு உருவானது. இப்படி ஒருவர் விடைத்தாளை ஒருவர் பார்த்து எழுதிய பின் மூவரும் ஒத்துப்போனால் வியக்க என்ன இருக்கிறது? அந்த நேரத்துத் தரவை உள்வாங்கும் முன்பாகவே மாதிரி சொன்ன குறுகிய கால முன்கணிப்பை எடுத்து ஒப்பிடுவது ஓரளவு பரிகாரம். உள்வாங்கிய பின் வரும் பகுப்பாய்வோடு ஒப்பிட்டு வெளியிடப்படும் அழகான ஒற்றுமை எண்களைப் படிக்கும்போது எனக்குச் சந்தேகம் வருவதுண்டு.

அத்தனை உள்வாங்கியும் மாதிரியின் சாய்வு முழுதாகப் போவதில்லை. ஈ.ஆர்.ஏ-5ஐ ஆஸ்காட்டோடு ஒப்பிட்டு மரியா பெல்மோன்டே ரீவாஸும் ஸ்டோஃபெலனும் 2019ல் எழுதினார்கள். நடு அட்சங்களில் மேற்குக் காற்று மாதிரியில் தேவைக்கு மிஞ்சியும், துருவம் நோக்கிய காற்று குறைந்தும் இருந்தது. முந்தைய பதிப்பைவிடப் பிழை குறைந்திருந்தாலும் அதன் வடிவம் அப்படியே தொடர்ந்தது. நாளொன்றுக்கு இரண்டு முறை திருத்தினாலும் மாதிரி தன் பழைய பழக்கத்துக்கே திரும்புகிறது.

புயலும் பதவியும்

செயற்கைக்கோள் காற்று மாதிரிக்கு எவ்வளவு உதவுகிறது என்ற கேள்வி ஒருவரின் பதவியையே பறித்ததுண்டு. 2007ல் அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையத்தின் இயக்குநராக வந்த பில் ப்ரோயன்ஸா, ஆயுள் முடிந்தும் ஓடிக்கொண்டிருந்த குவிக்ஸ்காட் நின்றுபோனால் இரண்டு நாள் புயல்பாதைக் கணிப்பு 10 சதவீதமும் மூன்று நாள் கணிப்பு 16 சதவீதமும் மோசமாகும் என்று பகிரங்கமாக எச்சரித்தார். அந்த எண்கள் ஒரே ஓர் ஆய்விலிருந்து வந்தவை. அவருடைய மையத்தின் வல்லுநர்களே அதை ஏற்கவில்லை. மற்ற தரவுகள் இருக்கும்போது இழப்பு அவ்வளவு இராது என்றார்கள். ஊழியர்களில் பாதிப் பேர் அளவில் அவரை மாற்றச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். ஜூலையில் அவர் விடுப்பில் அனுப்பப்பட்டார்.

இருதரப்பிலும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. புயலின் பாதையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மேலடுக்குக் காற்று. அதைச் சிதறல்மானி பார்ப்பதில்லை. ஆனால் மாதிரியின் வழியே போகாமல், கணிப்பாளர் தன் கண்ணால் நேரடியாகப் பார்க்கும் பயன் வேறு. வட அட்லாண்டிக், வட பசிபிக் குளிர்காலப் புயல்களில் சூறாவளி வேகக் காற்று வீசுவதைக் குவிக்ஸ்காட் அடிக்கடி காட்டியதால், அமெரிக்கக் கடல் கணிப்பு மையம் 2000ல் அதற்கெனத் தனி எச்சரிக்கை வகையையே தொடங்கியது. மாதிரியை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் புயல்களில் பல சாதாரணப் புயலாகவே போயிருக்கும். எதற்காக ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் சொல்வதன் ஆபத்து இதுதான்.

2009 நவம்பரில் குவிக்ஸ்காட்டின் ஆண்டெனா சுழல்வது நின்றது. அதற்கு இரண்டு மாதம் முன், செப்டம்பர் 23 அன்று, இஸ்ரோ ஓஷன்சாட்-2ஐ ஏவியிருந்தது. அதே அலைவரிசையில் இயங்கும் சிதறல்மானி அதில் இருந்ததால் தொடர்ச்சி அறுபடவில்லை. சுழலாத குவிக்ஸ்காட்டையும் வீணாக்கவில்லை. ஒரே கோணத்தில் வெறித்துப் பார்த்தபடி, புதிய கருவிகளைச் சரிபார்க்கும் ஒப்புநோக்குக் கல்லாக 2018 வரை அது பயன்பட்டது. ஓஷன்சாட்-2ன் கருவி 2014ல் நின்றது. ஸ்காட்சாட்-1 2016 செப்டம்பர் முதல் 2021 வரை உழைத்தது. ஓஷன்சாட்-3 2022 நவம்பரில் ஏறியது.

இத்தனை இருந்தும் இடைவெளி இருக்கிறது. 2017 நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, 30 காலையில் குமரிக்கடலில் புயலாகிவிட்டது. குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். ஒரே நாளில் வளரும் இத்தகைய புயலை, நாளுக்கு இரண்டு முறை எட்டிப்பார்க்கும் ஒற்றைச் செயற்கைக்கோள் பின்தொடர முடியாது. வெவ்வேறு நேரங்களில் கடக்கும் பல செயற்கைக்கோள்கள் வேண்டும். அவற்றின் எண்களை ஒன்றாகக் கோக்க அவை ஒன்றோடொன்று சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

சரிபார்க்க மிதவை வேண்டும். இந்த மூன்றில் மிகவும் கவனிப்பாரற்றது அதுதான். பசிபிக்கின் டாவ் மிதவை வரிசை, 1982-83ன் பெரிய எல் நினோ யாரும் எதிர்பாராமல் வந்ததன் பின்விளைவாக உருவானது. அதைப் பராமரித்து வந்த கப்பல் 2012ல் ஓய்வு பெற்றதும் மிதவைகள் ஒவ்வொன்றாக மௌனமாயின. 2014 தொடக்கத்தில் வரவேண்டிய தரவில் ஏறத்தாழ 40 சதவீதமே வந்துகொண்டிருந்தது. பிறகுதான் நிலைமை திருத்தப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் 2004 முதல் வளர்ந்த ராமா வரிசையின் மேற்குப் பகுதியைச் சோமாலியக் கடற்கொள்ளை பல ஆண்டுகள் தாமதப்படுத்தியது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1997 முதல் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை நிறுத்தி வருகிறது. மிதவையின் நிழலில் மீன் கூடும், மீனைத் தேடிப் படகு வரும், படகை மிதவையிலேயே கட்டுவார்கள், கருவி உடையும். செயற்கைக்கோள் ஏவப்படும்போது தொலைக்காட்சியில் நேரலை உண்டு. உப்பும் பறவை எச்சமும் படிந்த காற்றுமானியை மாற்ற, கப்பலில் போய்ப் பல நாட்கள் வாந்தியோடு போராடும் தொழில்நுட்பப் பணியாளரை யாரும் படம் பிடிப்பதில்லை.